முதலில் நின்ற இடம்

என் மனைவி ஆரோக்கிய ராணி செத்து அடக்கம் பண்ணின பிறகு, பதினோரு மாசம் வரைக்கும் அவள் எங்கேயும் சாகவில்லை. இதை நானாகச் சொல்லவில்லை. மூன்று ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கடலூரில் கொடுத்த கடுதாசியில் 'இந்த எல்லைக்குள் இறக்கவில்லை' என்று இருக்கிறது. சிதம்பரத்தில் கொடுத்ததிலும் அதேதான் இருக்கிறது, முத்திரைதான் வேறு. நடுவில் ஒரு ஊரில் கொடுத்தது அவள் இடுப்புக்குக் கீழே உள்ள பாகத்தைப் பற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த ஆபீஸ், எந்தத் தெரு என்று எழுத மாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பார்கள்.

நான் அந்தோணிசாமி. மூணாங்கிளாஸ். கடலூர் முதுநகர் குடோன்களில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கினவன். தராசு சொல்லும் எடையை நான் ஒருநாளும் நம்பினதில்லை. மூட்டை முதுகில் ஏறினால் எழுபதா எழுபத்தைந்தா என்று முதுகே சொல்லிவிடும். தராசை நம்பாதவன் டாக்டரை நம்புவானா? ஊசி போட்டால் எதற்கு என்று கேட்பேன். மாத்திரை கொடுத்தால் பாதியைத் தின்று மீதியை ஜன்னல் மேல் வைத்துவிடுவேன். ராணி அப்படியில்லை. அவளுக்கு நெஞ்சுக் கோளாறு இருந்தது. சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று ஒரு ஃபைல் இருந்தது. மாசம் ஒருதரம் பஸ் ஏறித் தனியாகப் போய் வருவாள். நான் துணைக்குப் போனால் டாக்டரிடம் சண்டை பிடிப்பேன் என்று என்னை வீட்டிலேயே விட்டுவிடுவாள்.

எங்களுக்கு ஒரே மகள். ஜெனிட்டா. ஓசூரில் நர்ஸ். அம்மாவுக்கு மூச்சு வாங்கினால் உடனே கூட்டிப்போ, என்னைக் கேட்டுக்கொண்டிருக்காதே என்று போனில் நூறு தடவை சொல்லியிருக்கிறாள்.

ராணியைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது டாக்டர் கண்ணில் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, 'கொண்டு வரும்போதே இறந்திருந்தார்' என்று ஒரு சீட்டு எழுதினார். பழைய ஃபைல் இருந்ததால் உடலை அறுக்காமல் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டை ஏழாம் நாள் பூசை முடிந்து ஜெனிட்டா பார்த்தாள். நர்ஸ் இல்லையா, படித்ததும் நிமிர்ந்தாள்.

"அம்மா வூட்லயே போயிடுச்சி. நீ பொணத்தத்தான் ஏத்திகினு போயிருக்க," என்றாள்.

வழியில் ரயில்வே கேட் வரைக்கும் உங்கம்மா பேசினாள் என்று சொன்னேன். எத்தனை மணிக்கு வலி என்று சொன்னாள் என்று கேட்டாள். மதியத்துக்கு மேல் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வேலையில எழுதி வெக்காதத நடந்ததா எடுத்துக்க மாட்டோம்ப்பா. அம்மா ரோட்டுல போற வரைக்கும் உசுரோட இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல காட்டு. நம்புறேன்."

அன்று சாயங்காலமே ஓசூருக்குப் பஸ் ஏறினாள். அதன்பிறகு போன் பண்ணினால் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பாள். நான் சாப்பிட்டேன் என்பேன். வைத்துவிடுவாள். எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். ஆகவே எனக்கு அந்தப் பேப்பர் வேண்டும். இறப்புச் சான்றிதழில் இறந்த இடம் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் வீடு என்று வரக்கூடாது. வழியில் என்று வரவேண்டும். இதற்குத்தான் பதினோரு மாசம் அலைந்தேன்.

அவள் எங்கே செத்தாள் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று எந்த ஆபீசிலும் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்கு மேல் ஒரு டிரஸ்ட்டின் ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டினவன் பெயர் அன்பரசு. ராணியைப் படுக்கவைத்துப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். எதிரே ஒரு போர்டு. எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நோயாளிகளுக்கு மட்டும். சடலம் ஏற்றப்படாது.' ஆலப்பாக்கம் தாண்டி ரோடு வேலை நடந்துகொண்டிருந்ததால் வண்டியை ஒரு ஊருக்குள் திருப்பிவிட்டார்கள். அங்கே ரயில்வே கேட் சாத்தியிருந்தது. வண்டி நின்றது. ராணி கண்ணைத் திறந்து, ஏன் நின்றுவிட்டது என்று கேட்டாள். கேட் போட்டிருக்கிறான், இப்போது திறந்துவிடுவான் என்றேன். அவள் கை என் கைக்குள் இருந்தது. ரயில் போனது. கடைசிப் பெட்டி போவதற்குள் அந்தக் கை கனத்தது.

உயிரோடு இருக்கிற கை தன் கனத்தில் பாதியைத் தானே தூக்கிக்கொள்ளும். அந்தப் பாதியும் என் கைக்கு வந்துவிட்டது. நாற்பது வருஷம் கனம் தூக்கினவனுக்கு இதை ஒரு டாக்டர் வந்து சொல்லவேண்டியதில்லை.

கேட் திறந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் அந்த வேலிக்காத்தான் முள்ளுக்கு நடுவே எங்கள் இரண்டு பேரையும் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போர்டில் அப்படித்தானே போட்டிருந்தது? அதனால் அவளோடு பேசிக்கொண்டே போனேன். புதுச்சத்திரம் வந்துவிட்டது ராணி என்றேன். வெள்ளாற்றுப் பாலம் ராணி என்றேன். தண்ணீர் வேண்டுமா என்று குனிந்து கேட்டேன். சிதம்பரம் கோபுரம் தெரிகிறது பார் என்றும் சொன்னேன்.

இனி ஆபீஸ் கதை.

முதலில் போனது கடலூரில். அங்கே பிறப்பு இறப்பு பார்க்கிற அம்மாவுக்கு மங்கலம் என்று பெயர். நல்ல மாதிரி. நின்றுகொண்டிருந்தவனுக்கு ஸ்டூல் போட்டார். எல்லாம் கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்து, "வூட்லயே செத்ததா எழுதிடலாம் தாத்தா. அரை மணி நேர வேலை. அக்கம்பக்கம் ரெண்டு பேரு கையெழுத்து போதும்," என்றார். வீட்டில் சாகவில்லை என்றேன். "எல்லாருக்கும் அப்படித்தான் எழுதறோம். யாரும் வருத்தப்பட்டதில்ல," என்றார். நான் வருத்தப்படுவேன் என்றேன். அப்படியானால் எல்லைக்குள் இறக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சிதம்பரம் போகச் சொன்னார்.

அதற்கு முன்னால் வேறு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று மங்கலம் கேட்டதால் கோயிலில் பங்குச் சாமியாரிடம் அடக்கப் புத்தகத்தின் நகல் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். அதில் 'இறைவனில் இளைப்பாறினார்' என்று இருந்தது. மங்கலத்துக்குப் பக்கத்து சீட்டுக்காரர் அதை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, இது எந்த வார்டில் வருகிறது என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். சாமியாரைக் கேட்டு வரச் சொன்னார். கேட்டேன். சாமியார் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, அது எல்லா வார்டிலும் வரும் என்றார். அதையும் எழுதி வாங்கிக் கொடுத்தேன். ஃபைலில் சேர்த்துக்கொண்டார்கள்.

சிதம்பரத்தில் இருந்த அதிகாரி ராஜமாணிக்கம். சட்டைப் பையில் மூன்று பேனா. என் கதையைப் பாதி கேட்டதுமே எழுந்து நின்றுவிட்டார். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நானும் எழுந்தேன். உட்காருங்கள் என்று என் தோளை அமுக்கினார்.

"ஐயா, நீங்க பாக்கியசாலி," என்றார்.

பெண்டாட்டி செத்தவனிடம் இதை யாரும் சொன்னதில்லை.

"ஓடுற வண்டியில ஒருத்தர் செத்தா, அந்த வண்டி மொதல்ல எங்க நிக்குதோ அந்த எடத்துலதான் பதியணும். வண்டிய ஓட்டுனவர்தான் தகவல் தரணும். விதியிலயே இருக்கு. இருபத்தாறு வருஷ சர்வீஸ், ஒருத்தர்கூட இந்த விதிப்படி செத்துட்டு வந்ததில்ல. எல்லாம் சோம்பேறிங்க. வூடுன்னு எழுதிட்டுப் போயிடறாங்க. மொத மொதலா ஒரு நேர்மையான சாவப் பாக்கறேன்யா."

பீரோவைத் திறந்து தூசி தட்டி ஒரு புத்தகம் எடுத்தார். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே சிவப்புக் கோடு போட்டிருந்தது. எப்போதோ போட்டுவிட்டு ஆள் வருமா என்று காத்திருந்திருக்கிறார். அடுத்த அறைகளிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அவர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் கை கொடுத்தார்.

அதற்குள் முப்பது நாள் தாண்டிவிட்டது. தாண்டினால் தாமதத்துக்கு விளக்கம் எழுதவேண்டும். மங்கலம் கோயில் கடுதாசி கேட்டார், பக்கத்து சீட்டுக்காரர் அதற்கு வார்டு கேட்டார் என்று உள்ளதைச் சொன்னேன். ராஜமாணிக்கம் பேனாவை மூடினார். "ஆபீஸ் காரணம்னு எழுதினா ஃபைல் அந்த ஆபீசுக்கே திரும்பிப் போயிடும். அப்புறம் வராது. தாமதத்துக்கு நீங்கதான் காரணம்னு எழுதுங்க," என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஆரோக்கிய ராணி விஷயத்தில் ஏற்பட்ட தாமதத்துக்கு நானே முழுக் காரணம்.' எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அன்று இன்னும் மெதுவாக வந்தது. கீழே கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது. வேறு தாள் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார். மறுபடி எழுதினேன்.

அடுத்து அன்பரசுவிடம் போனேன். வண்டி ஷெட்டில் பக்கெட்டும் துணியுமாக ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டில் நின்றதாக ஒரு கையெழுத்து வேண்டும் என்று கேட்டேன். அவன் துணியைப் பிழிந்தான்.

"வண்டி நிக்கவே இல்ல பெருசு," என்றான். "லாக் புக்ல பாரு. எங்க டிரஸ்ட்டுல வண்டி எங்கயும் நிக்காது. நின்னா மெமோ. அதுவும் உள்ள பொணம் இருந்துச்சுன்னு நானே எழுதிக் குடுத்தா, போர்டு எதுக்குடா மாட்டியிருக்குன்னு கேப்பாங்க. எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு."

லாக் புக்கைக் காட்டினான். முதுநகர் முதல் சிதம்பரம் வரை, தடை எதுவுமில்லை என்று இருந்தது. ரயில் போனது, கேட் சாத்தியிருந்தது, எதிரே கரும்பு டிராக்டர் நின்றது, எதுவும் அதில் இல்லை. அந்த நோட்டுப்படி நாங்கள் ரயிலுக்குள் புகுந்து போயிருக்கிறோம்.

நான் திரும்பி நடந்தேன். ஷெட்டு வாசல் தாண்டவில்லை, கூப்பிட்டான். பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னான். அவன் நின்றுகொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியும் பெருசு. கேட்டு தெறக்கறப்பவே கண்ணாடியில பாத்தேன். அந்த அம்மா தல சாஞ்சிடுச்சி. நீ பாட்டுக்கு வெள்ளாறு வந்துடுச்சி, கோபுரம் தெரியுதுன்னு பேசிகினு வர."

"அப்புறம் ஏன் எறக்கி வுடல?" என்று கேட்டேன்.

"உசுரு இல்லாதவங்களுக்கு சைரன் போடக்கூடாது, ரூல்ஸு. ஆஃப் பண்ணா உனக்குத் தெரிஞ்சிடும். உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன் பெருசு. அதனால ஆஸ்பத்திரி வரைக்கும் ஆஃப் பண்ணல."

அவனுக்குத் தெரியக்கூடாது என்று நான் பேசிக்கொண்டு போயிருக்கிறேன். எனக்குத் தெரியக்கூடாது என்று அவன் சைரன் அடித்துக்கொண்டு போயிருக்கிறான். நடுவில் அவள் மட்டும் எதையும் மறைக்காமல் படுத்திருந்தாள்.

அன்பரசு கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். கேட்டில் ஏழு நிமிஷம் நின்றது என்று எழுதியிருந்தான். மெமோ வந்தால் வரட்டும் என்றான். வந்தது. மூன்று நாள் சஸ்பெண்ட்.

அந்தக் கடுதாசியை ராஜமாணிக்கம் இரண்டு கையாலும் வாங்கினார். முதலில் நின்ற இடம் கிடைத்துவிட்டது, இனி அந்த ஊரில் போய்ப் பதிந்தால் முடிந்தது என்றார். சிதம்பரம் எல்லைக்குள் இறக்கவில்லை என்று அவரும் ஒன்று எழுதிக் கொடுத்தார்.

கேட் இருக்கிற ஊருக்குப் போனேன். அங்கேதான் எல்லையே. கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன மதகு இருக்கிறது. மதகுக்கு வடக்கே ஒரு கிராமம், தெற்கே ஒரு கிராமம். வடக்கே ஒரு வி.ஏ.ஓ., தெற்கே ஒரு வி.ஏ.ஓ. சாதாரணமாக இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லையாம். என் விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். அவர் பக்கம் என்று இவர் சொன்னார், இவர் பக்கம் என்று அவர் சொன்னார். ஆம்புலன்ஸ் அன்றைக்கு நின்றது சரியாக மதகு மேல். பின் சக்கரம் வடக்கே, முன் சக்கரம் தெற்கே.

இதை முடிவு செய்ய இரண்டு வி.ஏ.ஓ.வுக்கும் மேலே இருக்கிற ஆர்.ஐ. செம்பியன் வந்தார். வர இரண்டு மாசம் ஆனது. நடுவில் ஒரு தேர்தல் வேலை, ஒரு புயல் எச்சரிக்கை, அவர் மச்சினன் கல்யாணம். வந்த அன்று டேப், சுண்ணாம்பு, நாலு கல், கேமரா எல்லாம் கொண்டுவந்தார். ரோட்டில் சுண்ணாம்பால் வண்டி மாதிரி ஒரு கட்டம் போட்டார். கேட் கீப்பர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பஸ்ஸில் போனவர்கள் யாரோ சைட்டு வாங்குகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

"தல எந்தப் பக்கம், காலு எந்தப் பக்கம்?" என்று செம்பியன் கேட்டார்.

தலை டிரைவர் பக்கம் என்றேன்.

"வாயால சொன்னா ஃபைல்ல ஏறாது ஐயா. படுத்துக் காட்டணும். போட்டோ எடுக்கணும்."

டீக்கடையிலிருந்து ஒரு பெஞ்சு தூக்கிவந்து சுண்ணாம்புக் கட்டத்துக்குள் போட்டார்கள். நான் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். ராணி என்னைவிட உயரம் குறைவு. அதைச் சொன்னேன். எவ்வளவு குறைவு என்று கேட்டார். என் காது வரைக்கும் வருவாள் என்றேன். காலை மடக்கிக்கொள்ளச் சொன்னார். மடக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார்.

டேப் பிடித்துப் பார்த்தார்கள். மதகு என் இடுப்புக்கு நேரே வந்தது. தலையும் நெஞ்சும் தெற்கு. இடுப்புக்குக் கீழே வடக்கு. வடக்கு வி.ஏ.ஓ. முகம் மலர்ந்துவிட்டது. தெற்கு வி.ஏ.ஓ. விடவில்லை. தலை இருக்கிறது என்பதற்காக உயிர் அங்கேதான் இருந்தது என்று எந்த அரசாணையில் இருக்கிறது என்று கேட்டார். இந்த அம்மாவுக்கு நெஞ்சில் கோளாறு, ஆகவே உயிர் நெஞ்சிலிருந்துதான் போயிருக்கவேண்டும் என்று வடக்கு சொன்னார். நெஞ்சிலிருந்து கிளம்பினாலும் வெளியே போகும்போது எந்த வழியாகப் போனது என்று தெற்கு கேட்டார்.

செம்பியன் இரண்டு பேரையும் கையமர்த்தினார். "இதுல உணர்ச்சிவசப்படக் கூடாது. நான் ஒரு சாவ நடுவுல வெட்டி ரெண்டு கிராமத்துக்கும் குடுக்க முடியும். ஆனா அதுக்கு ரெண்டு நம்பர் ஆயிடும். வருஷக் கடைசி கணக்குல ஒரு சாவு ஜாஸ்தி வந்து நிக்கும். அப்புறம் அந்த ஒரு ஆள நாங்க எங்க போய்த் தேடறது?"

அவர்கள் பேசுவது பெஞ்சில் படுத்திருந்த எனக்குத் தூரத்தில் கேட்டது. நான் மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டின் சிவப்பு வெள்ளைக் கம்பி, அதற்கு மேலே கரண்டுக் கம்பி, அதில் ஒரு கரிச்சான் குருவி. வண்டிக்குள் அவளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. வெள்ளைத் தகரமும் அந்த போர்டும்தான் தெரிந்திருக்கும். அவளுக்கு நல்லாப் படிக்கத் தெரியும். எட்டாங்கிளாஸ். போர்டைப் படித்திருப்பாள். அதனால்தான் வண்டி நின்றதும் அப்படிக் கேட்டாளோ என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. இறக்கிவிடப் போகிறார்கள் என்று பயந்திருப்பாள். மணி அடித்தது. கேட் இறங்கியது. ரயில் வந்தது. எழுந்திருக்கலாம் என்று செம்பியன் சொன்னது கேட்டது. கடைசிப் பெட்டி போகிறவரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

போட்டோவில் நான் நன்றாக விழுந்திருந்தேன். 'இறந்தவரின் நிலை' என்று கீழே எழுதி அறிக்கையில் ஒட்டினார்கள். அறிக்கை பதினாலு பக்கம். வரைபடத்தில் ராணி ஒரு குச்சி மாதிரி இருந்தாள். தலைக்கு ஒரு வட்டம். இடுப்பில் ஒரு கோடு. வடக்கு வி.ஏ.ஓ. தன் பங்குக்கு, இடுப்புக்குக் கீழே உள்ள பாகம் மட்டும் தன் எல்லையில் இருந்ததாகவும் அதில் உயிர் இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார். முதலில் சொன்னேனே, அந்தக் கடுதாசி.

தலை இருந்த தெற்கில் பதியலாம் என்று உத்தரவு வர மூன்று மாசம். தெற்கு வி.ஏ.ஓ. ராஜமாணிக்கத்தைக் கேட்காமல் கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்றார். ராஜமாணிக்கம் அன்று ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிராமத்துக்கே வந்தார். தானே உட்கார்ந்து தட்டினார். பெயர் ஏறியது. தேதி ஏறியது. இறந்த இடம் என்ற கட்டம் வந்தது. அமுக்கினார். மூன்று வரி இறங்கியது. மருத்துவமனை. வீடு. இதர.

இதரவை அமுக்கினார். போலீஸ் வழக்கு எண் கேட்டது. வழக்கு எதுவுமில்லை என்று போட்டார். அப்படியானால் முதல் பக்கத்துக்குப் போகச் சொன்னது. போனார். மறுபடி வந்தார். ஆறு தடவை. புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "விதியில இருக்குங்கய்யா. சத்தியமா இருக்கு. இதுல வெக்கல. சட்டம் எழுதினவங்க வேற, இது செஞ்சவங்க வேற," என்றார். என் பெண்டாட்டிக்காக முதலில் கண் கலங்கின அரசாங்க ஆள் அவர்தான். விதிக்காகக் கலங்கினார் என்று தெரியும். இருந்தாலும் நான் அவர் முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

வீடு என்று போட்டால் ஒரு நிமிஷத்தில் முடியும். ஆனால் வீடு கடலூரில் இருக்கிறது. கடலூரில்தான் போடமுடியும்.

ஆக, மறுபடி மங்கலம். அதே ஸ்டூல்.

அந்த வாரம் ராணிக்கு வருஷப் பூசைக்குச் சொல்ல ஜெனிட்டா வருகிறாள். பேப்பர் இல்லாமல் அவள் முன்னால் போய் நிற்கக்கூடாது. இன்னும் ஒரு மனு, மேலே ஒரு அப்பீல் என்று ராஜமாணிக்கம் எழுதித்தந்த தாள் என் மஞ்சப் பையில் இருந்தது. அதை எடுத்துக் கொடுக்கத்தான் போனேன்.

மங்கலம் கடுதாசிக் கட்டைக் கையில் வாங்கி, "இம்மாம் பெருசா ஆக்கிட்டீங்களே தாத்தா," என்றார். பழைய படிவத்தில் ஒரு இடம் காலியாக இருக்கிறது, அதை நிரப்பிவிட்டு அப்பீலைப் பார்க்கலாம் என்றார். அன்றைக்கு ஏதாவது வைத்தியம் பார்த்தீர்களா என்று படிவம் கேட்கிறதாம்.

"ஓம வாட்டர் குடுத்தேன்," என்றேன்.

"எதுக்கு?"

"கேஸ் ட்ரபுள்னு நெனச்சேன்."

"எத்தன மணிக்கு?"

பதினோரு மாசத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டார்கள். தலை எந்தப் பக்கம், வண்டி எந்தப் பக்கம், உயிர் எந்த வழி. இதை யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒருத்திக்கு, என் மகளுக்கு, நான் பொய் சொல்லியிருந்தேன்.

"காலையில ஆறரைக்கு," என்றேன். "நெஞ்சு அடைக்குது, சிதம்பரம் போலாம்னு சொல்லுச்சு. சாயந்தரம் பாக்கலாம்னேன். ஒம்போது மணிக்கு இன்னொருவாட்டி சொல்லுச்சு. உனக்கு ஆஸ்பத்திரின்னா திருவிழான்னேன். அதுக்கப்புறம் சொல்லல."

மங்கலம் தட்டுவதை நிறுத்தினார். "வண்டி எப்ப வந்துச்சு?"

"நாலே காலுக்கு."

"அதுவரைக்கும்?"

"வூட்ல."

அவர் இறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்தார். பிறகு, "வீடுன்னு போடட்டுமா தாத்தா?" என்று கேட்டார். வேலை முடியட்டும் என்றுதான் கேட்டார். வேறு ஒன்றும் நினைத்திருக்கமாட்டார்.

போடம்மா என்றேன்.

ராணி ரயில்வே கேட்டில் இறந்தாள் என்று நிரூபிக்கும் பதினாலு பக்கத்தையும் ஆதாரமாக இணைத்து, வீட்டில் இறந்தாள் என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஜெனிட்டா சனிக்கிழமை வந்தாள். சான்றிதழைக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள்.

"பதினோரு மாசம் அலைஞ்சு இதத்தான் வாங்கிகினு வந்தியா? வூடுன்னு போட்டிருக்கு."

என் பையில் அன்பரசுவின் கடுதாசி இருந்தது. ஏழு நிமிஷம் இருந்தது. வரைபடம், போட்டோ எல்லாம் இருந்தது. எடுத்துக் காட்டினால் அவள் நம்பிவிடுவாள். நர்ஸ் இல்லையா, எழுதி வைத்ததை நம்புவாள்.

"காலையில ஆறரைக்கே சொல்லுச்சும்மா," என்றேன். "நான்தான் சாயந்தரம்னேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த வரைபடத்தை அவளாகவே இழுத்து எடுத்தாள். இது என்ன என்று கேட்டாள். இதுதான் உங்கம்மா, இது கேட், இந்த வட்டம் தலை என்று விரல் வைத்துக் காட்டினேன். வட்டத்தின் மேல் அவளும் விரல் வைத்தாள்.

"இங்க இன்னா சொல்லுச்சு?"

"ஏன் நின்னுடுச்சின்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

"இப்பத் தெறந்துடுவான்னேன்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். வரைபடத்தை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சான்றிதழை என்னிடமே கொடுத்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

அவள் அடுப்பங்கரைக்குப் போனபிறகு சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்து முழுக்கப் படித்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. எழுத்துக் கூட்டினேன். விவரங்களில் பிழை இருந்தால் திருத்தக் கோரி மனு கொடுக்கலாமாம்.

நான் கொடுக்கவில்லை.